மனித உரிமை ஆணையத்திலிருந்து காவல்துறை அறிக்கை வந்திருக்கிறது, என்ன பதில் எழுதுவது?

கெடிலக்கரை:
வணக்கம். என் தம்பியைக் காவல் நிலையத்தில் வைத்து அடித்தது குறித்து மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு அனுப்பியிருந்தேன். காயம் எதுவும் ஏற்படவில்லை என்று அதே துறையின் அதிகாரி எழுதிய அறிக்கையை இன்று எனக்கு அனுப்பி, என் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். மனு தள்ளுபடியாகிவிட்டதா? அவசரம்.

முதுநகர்வாசி:
சம்பவம் நடந்தது எப்போது, எந்த மாவட்டத்தில்? தம்பி மீது வழக்கு இருக்கிறதா? மருத்துவமனைச் சீட்டு உண்டா? 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஓராண்டு கடந்த சம்பவத்தை ஆணையம் விசாரிக்க இயலாது என்பதால்தான் தேதியைக் கேட்கிறேன்.

பாகூர் ஏரி:
ஆணையத்தை நம்பிக் காத்திராமல் லோக் ஆயுக்தாவுக்கு எழுதுங்கள்.

சட்டப்படி:
லோக் ஆயுக்தா ஊழல் புகார்களுக்கானது என்பதையாவது தெரிந்துகொண்டு யோசனை சொல்லுங்கள். மனுதாரரும் கடிதத்தை நிதானமாகப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தள்ளுபடி செய்தவர்கள் கருத்துக் கேட்பார்களா? 17ஆம் பிரிவின்படி அரசிடம் அறிக்கை கேட்பது தொடக்கம் மட்டுமே. அதில் திருப்தி இல்லையென்றால், சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்துடன் ஆணையமே விசாரிக்கலாம்.

சில்வர் பீச்:
விசாரித்து முடித்தாலும் கிடைப்பது பரிந்துரைதானே?

சட்டப்படி:
18ஆம் பிரிவின் கீழ் வரும் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

சில்வர் பீச்:
தீர்ப்பு வேறு, இழப்பீடு கைக்கு வருவது வேறு. அதன் பிறகும் ரிட் மனு, மேல்முறையீடு என்று இழுத்தடித்தால் ஏழைக் குடும்பம் எத்தனை நாள் சென்னைக்கு அலையும்?

முதுநகர்வாசி:
உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் இவருக்கு இப்போது தேவை மறுப்புரை. அறிக்கையின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி, சான்றுகளின் நகல்களை இணையுங்கள். நிலைய வாயில் உட்பட எல்லா இடங்களிலும் கண்காணிப்புக் கேமரா இருக்க வேண்டும் என்றும், பதிவுகளை 18 மாதங்கள், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பதிவை அழியவிடாமல் வரவழைக்குமாறு இன்றே கேளுங்கள்.

கெடிலக்கரை:
கடலூர் மாவட்டம்தான், எட்டு மாதம் ஆகிறது, வழக்கு எதுவும் இல்லை. மாலை 6 மணிக்கே தம்பியை அனுப்பிவிட்டதாக அறிக்கை சொல்கிறது. என் அம்மாவோ இரவு 11 மணி வரை நிலைய வாசலில், அவனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். 11.50 மணி என்று குறித்த புறநோயாளிச் சீட்டில், இடது உள்ளங்கை வீக்கம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார்.

முதுநகர்வாசி:
வாயில் கேமராவில் உங்கள் அம்மா பதிவாகியிருப்பார். அந்தத் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கெடிலக்கரை:
மறுப்புரையை இன்று பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். அம்மாவின் வாக்குமூலத்தையும் சேர்த்திருக்கிறேன். நன்றி.