“எத்தனை பேரைச் சுட்டீர்கள், ஐயா?” – பள்ளிக்கூடத்துக்குள் ராணுவம் வந்த அனுபவங்கள்

கணக்கு ஆசிரியர், முன்னாள் என்.சி.சி. அலுவலர்:

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராக இருந்துகொண்டே 19 ஆண்டுகள் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பொறுப்பையும் கவனித்தவன் நான். நாக்பூருக்கு அருகிலுள்ள காம்ப்டியில் பயிற்சி முடித்து, ‘தேர்டு ஆபீசர்’ என்ற தகுதியோடு ஊர் திரும்பியபோது, ராணுவத்தைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லவேண்டியது அனைத்தும் என் கையில் இருப்பதாகவே நம்பினேன். தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய வரலாறு, லான்ஸ் நாயக் என்ற பதவிக்கு ஒரு பட்டை, நாயக்குக்கு இரண்டு, அவில்தாருக்கு மூன்று என்ற வரிசை, கடற்படையில் கேப்டனாக இருப்பவர் தரைப்படையின் கேப்டனுக்கு அல்லாமல் கர்னலுக்கு இணையானவர் என்ற குழப்பம் ஆகியவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பையன்கள் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தார்கள்; ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு முடிந்த மறுவாரமே மறந்தும் போனார்கள்.

உண்மையில் அவர்களுக்கு ராணுவத்தைக் காட்டியவர், பட்டாலியனிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்த, இமயமலையின் கட்வால் பகுதியைச் சேர்ந்த அவில்தார் ஒருவர். அவருக்குத் தமிழில் ‘வா’, ‘போ’, ‘சாப்பாடு’, ‘நல்லா’ ஆகிய நான்கு சொற்களே தெரியும். சாவ்தான் (நேராக நில்), விஸ்ராம் (இளைப்பாறு), தாஹினே முட் (வலப்பக்கம் திரும்பு) என்று அவர் முழங்கிய கட்டளைகளைப் பையன்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தார்கள். 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளுக்கான எதிர்ப்பும் இடம்பெற்றிருந்ததை அறிந்த பெற்றோர் சிலர், என்னிடம் நேரிலேயே வந்து கேட்டதுண்டு. ஒவ்வொரு கட்டளையின் பொருளையும் முதலில் தமிழில் விளக்கிவிட்டுத்தான் மைதானத்துக்கு அனுப்புகிறேன் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இருக்கவில்லை. பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரிக்காகவும் கிழங்குக்காகவும்தான் பாதிப் பேர் வந்தார்கள் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மறக்க முடியாத நாள் ஒன்று உண்டு. துப்பாக்கி சுடும் பயிற்சிக்காக 40 பையன்களை அழைத்துச் சென்றிருந்தேன். பாயிண்ட் 22 ரைபிள். ஆளுக்கு ஐந்து குண்டுகள். விரிப்பில் குப்புறப் படுத்து, கட்டையைத் தோளில் அழுத்தி, மூச்சை அடக்கிச் சுட்ட அந்தச் சில நிமிடங்களைப் பற்றி அவர்கள் ஒரு வாரம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் சுட்டு முடித்ததும் காலி உறைகளைப் பொறுக்கி எண்ணியபோது, 200 இருக்கவேண்டிய இடத்தில் 199தான் இருந்தன. ‘எம்ப்டி’ ஒன்று குறைகிறது என்று அவில்தார் சொன்ன குரலில் கோபமே இல்லை. அது கிடைக்கும்வரை ஒருவரும் கிளம்ப முடியாது என்பதை மட்டும் அவர் சைகையால் உணர்த்தினார். நாற்பது பேரும் வரிசையாக முழங்காலிட்டு, புல்லைக் கையால் விலக்கியபடி மைதானத்தை அங்குலம் அங்குலமாகத் தடவினோம். அவில்தாரும் எங்களோடு முழங்காலிட்டார். சுண்டுவிரல் நுனி அளவேயுள்ள ஒரு பித்தளைத் துண்டுக்காக நான்கு மணிக்குத் தொடங்கிய தேடல், வெளிச்சம் மங்கும்வரை நீடித்தது. கொடுத்ததற்குக் கணக்கு, செலவழித்ததற்குக் கணக்கு, மிச்சத்துக்கும் கணக்கு என்று ஒவ்வொரு குண்டும் ஒரு பதிவேட்டில் யாரோ ஒருவருடைய கையெழுத்தின்மேல் நிற்கிறது என்பதை அன்று பையன்கள் விளங்கிக்கொண்டார்கள். திரும்பும் பேருந்தில் ஒருவன் என்னிடம், “சார், சுடுவதைவிட எண்ணுவதுதான் கஷ்டம்போல” என்றான். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஓய்வுபெற்ற நாயக், ஏ.எஸ்.சி. (ராணுவத்தின் வழங்கல் பிரிவு) ஓட்டுநர்:

ஆசிரியர் ஐயாவின் பதிவைப் படித்ததும் என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. குடியரசு நாளுக்கு எங்கள் வட்டாரப் பள்ளி ஒன்று என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. சால்வை போர்த்தினார்கள், கொடியேற்றச் சொன்னார்கள், பேசுவதற்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். “ஏதாவது கேளுங்கள், தம்பிகளா” என்று நான் சொன்னதும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “எத்தனை பேரைச் சுட்டீர்கள், ஐயா?” என்றான். ஆசிரியர்கள் பதறினார்கள். அவன் மீது தவறில்லை. ராணுவம் என்றால் அவ்வளவுதான் என்று அவனுக்குக் காட்டியிருக்கிறோம்.

நான் ஒருவரையும் சுட்டதில்லை. 17 ஆண்டுகளில் பெரும்பகுதி லாரிதான் ஓட்டினேன். காஷ்மீரிலிருந்து லடாக்குக்குப் போகும் வழியிலுள்ள சோஜிலா கணவாய் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். அந்தப் பாதையில் கான்வாயில் (வரிசையாகச் செல்லும் ராணுவ வண்டிகளில்) மண்ணெண்ணெய், அரிசி, பருப்பு, வெங்காயம் என ஏற்றிச் சென்றிருக்கிறேன். லடாக்கின் குளிரில் டீசல் உறைந்து கூழாகிவிடும் என்பதால் வண்டிக்கு அடியில் ஸ்டவ் மூட்டிச் சூடேற்றியிருக்கிறேன். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொங்கிப் பொங்கி வழியும், ஆனால் அரிசி வேகாது. குக்கர் இல்லாமல் சோறில்லை. இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்த அறிவியல் ஆசிரியை எழுந்து வந்து, பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டார். ஐந்து நிமிடப் பேச்சு முக்கால் மணி நேரமானது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பனிமூடிப் பாதை அடைபட்டிருந்ததால் என் தந்தையின் காரியத்துக்கு நான் வந்து சேர முடியவில்லை. அதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். விழாவில் இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் பிறகு வருத்தப்பட்டாராம். பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் தனியாக வந்து, ராணுவத்துக்குக் குறுகிய காலத்துக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டம் பற்றிக் கேட்டார்கள். நான்கு ஆண்டுப் பணி, முடிவில் 25 விழுக்காடு வரை மட்டுமே நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு ஏறத்தாழ 11.7 லட்சம் ரூபாய் கிடைக்கும், பென்ஷன் கிடையாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். எனக்குக் கிடைத்த பென்ஷனைக் காட்டி அவர்களை ஆசைகாட்ட மனம் வரவில்லை.

ஒரு தாய், முன்னாள் மாணவி:

எங்கள் காலத்தில் ராணுவம் பள்ளிக்குள் வந்தது, படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் கொடி நாளன்றுதான். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7ஆம் தேதி வகுப்பாசிரியை காசு வாங்கிக்கொண்டு, குண்டூசியால் ஒரு சிறு காகிதக் கொடியைத் தாவணியில் குத்திவிடுவார். அதிலுள்ள சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு என்று யாரும் சொன்னதில்லை. மாலைக்குள் அது கசங்கிப் போய்விடும். ஒருமுறை ராணுவ வேலைவாய்ப்பு பற்றிப் பேச ஓர் அதிகாரி வந்தபோது, மாணவிகள் எங்களை மட்டும் தையல் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதலே பெண்கள் பயிற்சி பெற்றுவந்தார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டபோது எனக்குத் திருமணமாகிவிட்டது.

இப்போது என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 2022இல் 19 பெண்கள் சேர்ந்ததையும், அவர்களில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்ததையும் அவள்தான் எனக்குச் சொன்னாள். அங்கே கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் கட்டாயம் என்பதால், வணிகவியல் எடுக்க இருந்தவள் பாடப்பிரிவையே மாற்றிக்கொண்டாள். நாயக் ஐயாவின் குக்கர் கதையைப் படித்துக் காட்டினேன், மிகவும் ரசித்தாள். ஆசிரியர் ஐயா, அந்த 200ஆவது உறை கிடைத்ததா இல்லையா என்று கேட்டு நச்சரிக்கிறாள்.

கணக்கு ஆசிரியர், முன்னாள் என்.சி.சி. அலுவலர்:

கிடைத்தது, அம்மா. போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது உறை வலப்பக்கம் தெறிக்கும். பக்கத்து விரிப்பில் படுத்திருந்த பையனின் மடித்துவிட்ட காக்கிச் சட்டைக் கையின் மடிப்புக்குள் அது போய் விழுந்திருந்தது. இரண்டு மணி நேரம் அவனும் எங்களோடு சேர்ந்து புல்லைத்தான் விலக்கிக்கொண்டிருந்தான்.