நேற்று வைத்த குழம்பும் இன்றைய மதிய டப்பாவும்: பெங்களூரு அனுபவங்கள்

அல்சூர்க்காரி

அவுட்டர் ரிங் ரோட்டில் இருக்கும் எங்கள் ஆபீஸில் மதியம் ஒரு மணிக்கு மைக்ரோவேவ் முன்னால் பெரிய வரிசை நிற்கும். போன வாரம் என் டப்பாவில் முந்தின நாள் ராத்திரி வைத்த வத்தக்குழம்பு. பக்கத்து டீம் பெண், தமிழ்ப் பெண்தான், எட்டிப் பார்த்து, "நேத்து வச்சதா? எங்க வீட்ல ராத்திரி மிஞ்சினா காலையில கொட்டிடுவாங்க. எங்கப்பா தொடவே மாட்டார்" என்றாள். ரொம்பப் பெருமையாகச் சொன்னாள்.

கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. வத்தக்குழம்பு இரண்டாம் நாள்தான் ருசி. எங்கள் பாட்டி திருநெல்வேலிப் பக்கம். பொங்கலுக்கு மறுநாள் மிஞ்சின காய்கறி, குழம்பு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுச் சுண்ட வைப்பார். அந்தச் சுண்டக்கறிக்காகவே நாங்கள் பேரப்பிள்ளைகள் காத்துக்கொண்டு இருப்போம்.

எங்கள் கேன்டீனில் தட்டு போடும் இடத்தில் ஒரு தராசு வைத்து, அன்றைக்கு எத்தனை கிலோ சாப்பாடு வீணானது என்று போர்டில் எழுதுகிறார்கள். யாரும் நின்று படித்து நான் பார்த்ததில்லை. பழையதைச் சாப்பிட்டால் கேவலம், சுடச்சுட வாங்கியதைப் பாதியில் கொட்டினால் ஒன்றும் இல்லை. இது எப்படி வந்தது என்று புரியவில்லை. உங்கள் வீட்டில், ஆபீஸில் எப்படி? சொல்லுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி பேச்சிலர்

பி.ஜி.யில், அதாவது பணம் கட்டித் தங்கிச் சாப்பிடும் விடுதியில் இருக்கிறேன். ராத்திரி மிஞ்சின சோறு காலையில் சித்ரான்னமாக வரும் என்பது இங்கே பி.ஜி.யில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் சமையல்காரர் மாண்டியாக்காரர், எதையும் வீணாக்க மாட்டார், அதை நான் மதிக்கிறேன். சோறு ராத்திரி முழுக்க மூடிய குண்டானிலேயே வெளியில் கிடக்கிறது, அதுதான் எனக்குப் பயம். ஒருமுறை எங்கள் மாடியில் பாதிப் பேருக்கு வாந்தி. சித்ரான்னம்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், நிஜமாகவே அதுதானா தெரியாது. படித்தவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

ஹெப்பால் மைக்ரோபயாலஜி

உங்கள் சந்தேகம் நியாயமானது தம்பி. என் படிப்பும் வேலையும் உணவு நுண்ணுயிரியலில்தான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு கொதிக்கும்போது அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் வெளியில் இருந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நச்சு சூட்டில் அழியாது. அதனால் காலையில் எவ்வளவு தாளித்து வறுத்தாலும் பயன் இல்லை. பாக்டீரியா வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். பெரிய குண்டானில் மூடி வைத்த சோற்றின் நடுப்பகுதி அந்தச் சூட்டில்தான் ராத்திரி முழுக்க இருக்கும்.

உங்கள் சமையல்காரரிடம் சோற்றை அகலமான தாம்பாளங்களில் மெல்லிசாகப் பரப்பி ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். காலையில் ஆவி பறக்கச் சூடு பண்ணட்டும், அதுவும் ஒரே முறை. இவ்வளவு செய்தால் சித்ரான்னத்தைத் தைரியமாகச் சாப்பிடலாம்.

பழைய சோறு வேறு கதை. தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளிப்பை ஏற்றும், அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகள் பலவற்றை வளரவிடாது. ஆனால் பெங்களூரு டிசம்பர் குளிரில் சென்னை மாதிரி சீக்கிரம் புளிக்காது, இட்லி மாவே இங்கே மார்கழியில் பொங்குவதற்கு அடம் பிடிக்கிறதே. இங்கே பழையது போடுபவர்கள் சுத்தமான பாத்திரத்தில், சோறு நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

அல்சூர்க்காரிக்கு: புளி, உப்பு, நல்லெண்ணெய் மூன்றும் இருப்பதால் வத்தக்குழம்பு தாங்கும். துவரம்பருப்பு போட்ட சாம்பார் அவ்வளவு தாங்காது. தேங்காய் அரைத்த கூட்டும் சட்னியும்தான் முதலில் கெடும். நம் பாட்டிமார் எதைச் சுண்ட வைத்தார்கள், எதை அன்றைக்கே தீர்த்தார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஜீவன்பீமா நகர் அம்மா

எங்கள் வீட்டில் ஒரு பருக்கைகூட வீணாவதில்லை என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்வார். அது உண்மைதான். அந்த மிச்சத்தை எல்லாம் பல வருஷமாகச் சாப்பிட்டது நானும் என் மாமியாரும்.

அவரும் பிள்ளைகளும் காலையில் சூடாகச் சமைத்த டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மதியம் நாங்கள் இரண்டு பேரும் ஃபிரிட்ஜைத் திறந்து, நேற்றைய சோறு, முந்தாநாள் கூட்டு, அடியில் ஒட்டிய ரசம் என்று தீர்ப்போம். உட்கார்ந்து சாப்பிட்டால் கழுவ இன்னொரு தட்டு என்று அடுப்படியில் நின்றபடியே பாத்திரத்தோடு சாப்பிட்ட நாட்கள் நிறைய. யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்படியே பழகிவிட்டது. எங்கள் அம்மா வீட்டிலும் அதேதான், வேலூரில் மாமியாரின் அம்மா வீட்டிலும் அதேதான்.

மாமியாருக்குச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி ஏறிக்கொண்டே போனதும் டாக்டர், "மதியம் என்ன சாப்பிடறீங்கம்மா?" என்று கேட்டார். "மிஞ்சினதைத்தான் டாக்டர், கொட்ட மனசு வராதே" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வண்டியில் வீடு வரும் வரை பேசவே இல்லை. தன் அம்மா மதியத்தில் என்ன சாப்பிடுகிறார் என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டில் யாருமே யோசித்ததில்லை.

அதற்கப்புறம் ராத்திரி எது மிஞ்சினாலும் அப்போதே பங்கு போட்டுவிடுகிறேன். குழம்பு மிஞ்சினால் மறுநாள் மதியம் எல்லோருடைய டப்பாவிலும் அதே குழம்பு. பெரியவன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கினான். மாமியார்தான், "புள்ளைங்களுக்குப் போய் பழசு கட்டறியே" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முன்பெல்லாம், "யாராவது வந்தா பத்தாமப் போயிடும், ஒரு ஆழாக்கு சேர்த்து வை" என்று சொல்வது என் கணவர்தான். இப்போது அவரே அரிசி டப்பா பக்கம் வந்து, "இன்னைக்கு எத்தனை பேரு? குறைச்சே வை" என்கிறார். மிஞ்சினால் நாளைக்குத் தன் டப்பாவில் வரும் என்று தெரிந்ததும் அளவு தானாகக் குறைந்துவிட்டது. இத்தனை வருஷம் கூட வைக்கச் சொன்னவர் ஒருவர், மிச்சத்தைச் சாப்பிட்டவர் இன்னொருவர். இரண்டும் ஒரே ஆளாக ஆனதும் எங்கள் ஃபிரிட்ஜில் இடம் காலியாகக் கிடக்கிறது.

அல்சூர்க்காரி தங்கச்சி, உன் தோழி வீட்டில் அப்பா தொடமாட்டார் சரி, அவள் அம்மா மதியம் என்ன சாப்பிடுகிறார் என்று ஒருநாள் கேட்டுப் பார்.

அல்சூர்க்காரி

அக்கா, இதைப் படித்ததும் எங்கள் அம்மாவுக்கு ஃபோன் பண்ணினேன். மதியம் என்னம்மா என்று கேட்டேன். "இருந்ததைச் சாப்பிட்டேன்" என்றார்.

ஸ்ரீராமபுரம் பொண்ணு

கொஞ்சம் கசப்பான அனுபவம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் அம்மா ராஜாஜிநகரிலும் மல்லேஸ்வரத்திலும் வீட்டு வேலை செய்தார். நான் படித்து இன்றைக்கு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருப்பது அந்தச் சம்பளத்தில். அம்மா சாயந்தரம் கொண்டுவரும் தூக்குவாளியில் என்ன இருக்கும் என்று நானும் தம்பியும் ஓடிப்போய்ப் பார்ப்போம். சில நாள் கல்யாண வீட்டு மைசூர்பாகு. பல நாள் மூன்று நாள் ஆன சப்பாத்தி, நூல் விட்ட சாம்பார். மோந்து பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் சொல்லாமல் வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார். வேண்டாம் என்று அந்த வீட்டிலேயே சொன்னால், "கொழுப்பப் பாரு" என்று பேச்சு வரும். அதனால் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் மடியில் வைத்துச் சுமந்துவந்து, எங்கள் தெருவில் கொட்டுவார். அந்த வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் நாங்கள் எதையும் வீணாக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மல்லேஸ்வரத்தில் ஒரு வீடு மட்டும் வேறு மாதிரி. அந்த வீட்டு மாமி சமைத்து முடித்ததும், வீட்டு ஆட்கள் சாப்பிடும் முன்பே, அம்மாவுக்கு ஒரு தட்டு எடுத்து வைத்துவிடுவார். நேற்றையது மிஞ்சியிருந்தால், "இது நேத்தையது, நானும் இதைத்தான் சாப்பிடப் போறேன், உனக்கும் கொஞ்சம் வேணுமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லவும் அங்கே முடியும். அந்த மாமி இறந்தபோது அம்மா வேலைக்கே போகாமல் அழுதுகொண்டு இருந்தார்.

நான் இன்றைக்கும் டப்பாவில் பழையது கட்டிக்கொண்டு போகிறேன், எனக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் "வீணாக்காம வேலைக்காரிக்குக் கொடுத்துடுவோம்" என்று யாராவது சொன்னால் அது எந்த நாள் சமைத்தது என்று நேராகவே கேட்டுவிடுகிறேன்.

பெல்லந்தூர் அடுக்ககம்

எங்கள் அடுக்ககக் கமிட்டியில் குப்பை விஷயத்தைப் பார்ப்பது நான். பெரிய அடுக்ககங்கள் ஈரக் குப்பையை உள்ளேயே உரமாக்க வேண்டும் என்பது விதி. அதனால் எங்கள் மக்கள் எதைக் கொட்டுகிறார்கள் என்று தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

திங்கட்கிழமைதான் மோசம். சனி, ஞாயிறு செயலியில் வரவழைத்த சாப்பாடு மூடியைக்கூடத் திறக்காமல் வரும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தால் மக்கனி, அலுமினியத் தாளில் சுற்றிய நான் ரொட்டி. அதைப் பிரித்து எடுக்கும் பெண்கள் மூக்கைச் சுளிக்காமல் செய்கிறார்கள், பார்க்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை, உலகத்தில் 2022இல் வீணான உணவு 105 கோடி டன் என்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. ஹோட்டல்காரனைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த 60தான் உறைத்தது. நம் நாட்டுக் கணக்கு வீட்டில் ஆளுக்கு வருஷம் 55 கிலோ.

ஸ்ரீராமபுரம் சகோதரி எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஒரு மாதிரி இருக்கிறது. சென்னை பெசன்ட் நகரில் 2017இல் 'அய்யமிட்டு உண்' என்ற பெயரில் தெருவில் ஒரு ஃபிரிட்ஜ் வைத்தார்களே, அதுபோல எங்கள் வளாகத்திலும் ஒன்று வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு இருக்கிறது. வைத்தால் அது இன்னொரு குப்பைத்தொட்டி ஆகிவிடுமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

மல்லேஸ்வரம் கேட்டரிங்

கல்யாணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இங்கே ஹெப்பாலில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. பெங்களூரு கல்யாணங்களில் மட்டும் வருஷத்துக்கு 943 டன் நல்ல சாப்பாடு வீணாகிறது என்றார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாரும் அதை மறுக்கவில்லை.

முகூர்த்தச் சாப்பாட்டில் இலையில்தான் அதிகம் போகிறது. கேட்காமலே இரண்டாவது ஜாங்கிரி வைக்கச் சொல்வது வீட்டுக்காரர்கள். குறைவாகப் பரிமாறினால் சம்பந்தி வீட்டில் பேச்சாகிவிடும் என்று பயம். இலையில் போட்டதை யாருக்கும் கொடுக்க முடியாது. அண்டாவில் இருப்பதைக் கொடுக்கலாம். ராபின் ஹுட் ஆர்மி மாதிரித் தொண்டர் குழுக்கள் இருக்கின்றன, ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கூப்பிட்டு "மிஞ்சிடுச்சு, வாங்க" என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? கடைசிப் பந்தி உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும். தயிர்சாதமும் தேங்காய்ச் சட்னியும் அந்த நேரத்துக்குத் தாங்காது. சாதம், சாம்பார், பொரியல், பூரி சூடாக இருந்தால் கொடுக்கலாம்.

ஸ்ரீராமபுரம் பொண்ணு

பெல்லந்தூர் அண்ணா, ஃபிரிட்ஜ் வையுங்கள், நல்லதுதான். அம்மாவிடம் கேட்டேன், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சமைத்த தேதியை ஒட்டி வைக்க வேண்டும். காலையிலேயே வைக்க வேண்டும், வேலைக்கு வருகிறவர்கள் மதியம் சாப்பிடத்தான் தேடுவார்கள், ராத்திரி வைத்தால் யாருக்கும் உதவாது. பாதி தின்ற பீட்சா வேண்டாம். வைக்கிறவர் வீட்டு எண்ணையும் எழுதட்டும், அப்போது கெட்டதை வைக்க மாட்டார்கள்.

அப்புறம், செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். போகும்போது பையைத் திறந்து காட்டச் சொல்லும் இடம் அது, அங்கே போய்ச் சாப்பாடு எடுக்க யாருக்கும் மனசு வராது. உங்கள் வளாகத்தில் பார்சல் வைக்கும் அலமாரி இருக்கும் இல்லையா, அதன் பக்கத்தில் வையுங்கள். குடியிருப்பவர்களும் அங்கே வந்து போவார்கள். அவர்களும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிடட்டும்.