சொல் தேர்வு: எப்பாக்சி காய்வதில்லை, முற்றுகிறது

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் பெரிய மீன் தொட்டி கட்டுவோருக்கான கையேட்டின் சொற்பட்டியலைப் பார்த்தேன். 'ஒட்டுப்பலகைத் தொட்டி' நன்றாக இருக்கிறது. 'கண்ணாடியிழைத் துணி' எப்போதோ நிலைபெற்றுவிட்ட சொல். என் வழக்கெல்லாம், பலகையில் பூசும் எப்பாக்சிப் பிசின் கெட்டிப்படுவதைக் குறிக்கும் 'க்யூரிங்' என்பதற்கு எதிரே 'உலர்தல்' என்று போட்டிருப்பதைப் பற்றித்தான். அதை எடுத்துவிட வேண்டும் என்கிறேன். அந்தச் சொல்லை நம்பித் தண்ணீர் நிரப்புகிறவருடைய தொட்டி ஒழுகும், மீனும் சாகும்.

பட்டியலில் உள்ள அளவையே எடுத்துக்கொள்வோம்: எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி நீர். மொத்தம் 60 கன அடி, அதாவது ஏறக்குறைய 1,700 லிட்டர். எடை 1.7 டன். முன்பக்கக் கண்ணாடியின் மேல் மட்டும் சுமார் 700 கிலோ அழுத்தம் விழும். மற்ற மூன்று பக்கமும் அடியும் பலகை. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள 19 மி.மீ. மரைன் பிளைவுட்டே ஆனாலும் அறுத்த விளிம்பு தண்ணீரை உறிஞ்சும். ஆகவே அந்தப் பலகையைக் காப்பது உள்ளே பூசிய எப்பாக்சிப் படலம் ஒன்றுதான். (மாடியில் கட்ட நினைப்பவர்கள் முதலில் பொறியாளரைப் பாருங்கள். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் வழக்கமாக வடிவமைக்கிறார்கள். இந்தத் தொட்டி அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஏற்றும்.)

எப்பாக்சியில் ஆவியாகிப் போக வேண்டிய நீர் எதுவும் கிடையாது. பிசினும், அதைக் கெட்டியாக்கக் கலக்கும் ஹார்ட்னரும் ஒன்றோடொன்று வினைபுரிந்து வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. மறுநாளே கைக்குக் கல்லாகத் தெரியும். ஆனால் பின்னல் முழுமையடையப் பொதுவாக ஒரு வாரம் ஆகிறது. அதற்குள் நீர் நிரப்பினால் ஹார்ட்னரிலுள்ள அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் வினைபுரியாமல் தண்ணீரில் இறங்கும். 'உலர்ந்த பின் நிரப்பவும்' என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? தொட்டுப் பார்ப்பார், காய்ந்துவிட்டது என்பார், குழாயைத் திறப்பார். அவர்மேல் குற்றமில்லை.

கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோனுக்கு இந்தச் சொல் இன்னும் மோசம். அது கெட்டியாவதற்குக் காற்றிலுள்ள ஈரம் வேண்டும். ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டு அசிட்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. அறையில் வினிகர் நெடி அடிப்பது அதனால்தான். வெளிப்பக்கம் சீக்கிரம் தோல் கட்டிவிடும். உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் கெட்டிப்படும். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே அகலமாக இழுத்த பட்டைக்கு ஈரம் ஓரங்கள் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். 'உலர விடுங்கள்' என்று சொன்னால் சூடான விளக்கைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஈரத்தைத் தின்று கெட்டிப்படும் பொருளுக்கு 'உலர்தல்' என்று பெயர் வைத்தால் அது தமிழுக்கே அடுக்காது.

> பதப்படுத்தல் என்று பொதுவாகச் சொல்லிவிடலாமே?

குழுவில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். தோலுக்கும் புகையிலைக்கும் அந்தச் சொல் சரி. 'மீன் தொட்டியை ஒரு வாரம் பதப்படுத்தவும்' என்று அச்சடித்தால் படிப்பவருக்குக் கருவாடு நினைவுக்கு வரும். தவிர, பதப்படுத்துவது நாம் செய்யும் வேலை. எப்பாக்சி தானாக அடையும் நிலைக்குத் தன்வினைதான் வேண்டும். குழுவில் 'இறுகல்' என்று சொன்ன அம்மையாரின் யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது முதல் நாள் நிலைக்கே பொருந்துகிறது. இறுகிய பிறகும் வினை நடந்துகொண்டுதானே இருக்கிறது?

என் பரிந்துரை: முற்றல். முற்றிய தேங்காய், முற்றல் முருங்கைக்காய் என்று நாள்தோறும் சொல்கிறோம். வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளே நிகழ்ந்து, கெட்டியாகி, இனித் திரும்ப முடியாத நிலைக்கு வருவது அது. வினையாகவும் இடம் கொடுக்கிறது: பிசின் முற்றியது, முற்றவில்லை, முற்ற விடு. ஆகும் காலத்தை 'முற்றுகாலம்' எனலாம். நோய் முற்றியது, சண்டை முற்றியது என்று கெட்ட பொருளிலும் வருகிறதே என்று கேட்பீர்கள். வரட்டும். காய்கறிக் கடையில் யாரும் அந்தப் பொருளில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தச் சொல்லோடு இன்னொன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. எப்பாக்சியை இரண்டு மூன்று பூச்சாகப் பூச வேண்டும். முதல் பூச்சில் நகத்தை அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்த நேரத்தில் அடுத்த பூச்சு விழுந்தால் இரண்டும் வேதியியல் முறையில் ஒன்றாகிவிடும். தவறவிட்டால் முற்றிய பிறகு உப்புத்தாள் தேய்த்துத்தான் பூச வேண்டும். அந்த நடுநிலையைச் 'செங்காய்ப் பதம்' என்று சொல்லிப் பார்த்தேன். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் கையேட்டில் ஒரு பத்தி விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

கலந்த எப்பாக்சி கெட்டியாகாமல் பூசும் நிலையில் இருக்கும் நேரமான 'பாட் லைஃப்' என்பதற்குக் 'கிண்ண ஆயுள்' என்றிருப்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்ததாகப் படுகிறது. இருந்தாலும் கிண்ணத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. குறுகிய கிண்ணத்தில் நிறையக் கலந்தால் வினைச்சூடு வெளியேற வழியின்றிக் கொதித்துப் புகையும். அதே கலவையைத் தட்டில் பரப்பினால் கூடுதல் நேரம் தாங்கும். 'கலவைநேரம்' என்று வைத்து, அடியில் இந்த எச்சரிக்கையைச் சேர்க்கலாம்.

ஹார்ட்னருக்கு 'முற்றூக்கி' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஊக்கி என்றால் வினையில் செலவாகாமல் நிற்பது. எப்பாக்சியின் ஹார்ட்னர் வினையில் கலந்து பின்னலின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதனால்தான் அளவு பிசகக் கூடாது. ஹார்ட்னரைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றினால் சீக்கிரம் முற்றும் என்று நினைப்பவர்கள் பலர். மிஞ்சியது வினைபுரியாமல் படலத்திலேயே தங்கிவிடும். எனவே 'கடினமாக்கி' என்றே இருக்கட்டும்.

பாக்கி ஒன்று உண்டு. சென்னை போன்ற புழுக்கமான ஊரில் எப்பாக்சி முற்றும்போது மேலே மெழுகு தேய்த்தது போன்ற வழவழப்பு படரும். வெறும் தண்ணீரால் கழுவித் துடைக்காமல் அடுத்த பூச்சைப் பூசினால் அது தோலாக உரிந்துவரும். சுவரில் உப்புப் பூத்திருக்கிறது என்கிறோமே, அந்த வழியில் 'மெழுகு பூத்தல்' என்று வைக்கலாமா? காசிமேட்டுப் பக்கம் ஃபைபர் படகு வேலை செய்பவர்களோடு பழக்கமுள்ள நண்பர்கள் இருந்தால், இதற்கு அங்கே கைப்பேச்சாக ஏதாவது சொல் வழங்குகிறதா என்று கேட்டு எழுதுங்கள். இருந்தால் என் சொல்லைத் தள்ளிவிட்டு அதையே வைத்துக்கொள்வோம்.