போச்சே: பெயரைத் தமிழாக்குவதா, அப்படியே விடுவதா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். வட அமெரிக்காவில் இருக்கும் இத்தாலியர் சங்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் ஆடும் போச்சே என்ற, பந்து உருட்டும் ஆட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். 'மாலையானால் தாத்தாக்கள் கூடி போச்சே ஆடுவார்கள்' என்று எழுதி வாசித்துப் பார்த்தால், எதையோ பறிகொடுத்தவர்கள் மாதிரி இருக்கிறது. ஒரு பந்தை மட்டும் சொன்னால் இத்தாலிய மொழியில் 'போச்சா'வாம். அது இன்னும் மோசம்.

ஆட்டத்துக்கு 'உருள்பந்து', முதலில் உருட்டிவிடும் சின்னப் பந்துக்கு 'இலக்குப்பந்து', சங்கத்துக்கு 'மரபுக் கழகம்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். திருத்துங்கள்.

———

வணக்கம் ஐயா,

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே வூட்பிரிட்ஜ் பக்கம் வேலை பார்த்த காலத்தில், கூட வேலை செய்த இத்தாலியப் பெரியவர் ஒருவர் தன் சங்கத்துக்கு என்னைக் கூட்டிப்போவார். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

> 'உருள்பந்து'

வேண்டாம் என்பேன். உருளாத பந்து எது? அதோடு, பந்து என்றதும் துள்ளும் ஒன்றுதான் மனதில் வருகிறது. இது துள்ளாது. போட்டிகளில் ஆடும் பந்து 107 மில்லிமீட்டர் விட்டம், 920 கிராம் எடை. கிட்டத்தட்ட ஒரு கிலோ சீனிப் பையின் பாரம். முன்பு மரத்தில் கடைந்தார்கள், இப்போது பிசினில் வார்க்கிறார்கள். 'குண்டு எறிதல்' ஏற்கெனவே பள்ளிக்கூட மைதானம்வரை போன சொல், ஆகவே இதுவும் குண்டுதான். நாங்கள் யாழ்ப்பாணத்தில் கோலிக்குண்டைப் போளை என்போம். போர்த்துக்கேயரின் 'போலா' வழியாக வந்ததாக இருக்க வேண்டும். அதையே இதற்கு வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் மற்ற ஊர்க்காரருக்கு விளங்காது.

> 'இலக்குப்பந்து'

இதில்தான் எனக்குப் பெரிய மறுப்பு. பக்கத்துக்கு 4 என்று மொத்தம் 8 பெரிய குண்டு, நடுவில் ஒரு சின்னது. முதலில் சின்னதை உருட்டிவிட்டு, பிறகு யாருடையது அதற்குக் கிட்டக் கிடக்கிறது என்று பார்க்கும் ஆட்டம். கிட்டக் கிடக்கும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி. எதிராளியின் மிக நெருங்கிய குண்டையும் தாண்டி உள்ளே எத்தனை கிடக்கிறதோ அத்தனை புள்ளி. சரி, இலக்கு என்றால் நட்ட இடத்தில் நிற்க வேண்டுமல்லவா? இது நிற்காது. ஒருத்தர் அதில் மோதித் தள்ளிவிட்டால், மூன்று புள்ளி எடுத்து நின்றவருக்கு ஒரே நொடியில் ஒன்றும் இல்லாமல் போய்விடும். அந்தத் திருப்பத்துக்காகத்தான் கிழவர்கள் அத்தனை கூச்சல் போடுகிறார்கள்.

அவர்கள் அதைப் 'பல்லீனோ' என்கிறார்கள். இத்தாலிக்குள் 'போச்சீனோ' என்றும் உண்டு. இரண்டுமே 'சின்னஞ்சிறு பந்து' என்ற செல்லச் சொல். நம்மிடம் அதற்கு 'குட்டி' இருக்கும்போது இலக்கு எதற்கு? இன்னொன்று, ஒருவருக்கு ஒன்றில் பைத்தியம் பிடித்திருந்தால் 'அவனுக்கு அதில் பல்லீனோ' என்பது இத்தாலியரின் பேச்சு வழக்கு. கலைச்சொல் ஆக்குபவர்களுக்கும் பொருந்தும்.

எறிகிற வகை மூன்று. மெல்ல உருட்டிக் குட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவது 'புன்டோ'. வேகமாக விட்டு எதிராளியின் குண்டைத் தட்டிவிடுவது 'ராஃபா'. காற்றில் தூக்கிப்போட்டு நேரே மேலே விழவைப்பது 'வோலோ'. பறத்தல் என்று பொருள். ராஃபா என்றே பெயர் கொண்ட ஆட்டமுறையும் உண்டு, அந்தப் போட்டிகளில் அடிக்கிற அடியை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதனால் நாம் வைக்கிற சொல் 26.5 மீட்டர் களத்தின் மறுமுனைக்குக் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். 'அணுகுமுறை வீச்சு' என்று சொல்லி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். என் முன்மொழிவு: அண்டல், தட்டடி, தூக்கடி.

> 'மரபுக் கழகம்'

ஐயா, அது 'ஊர்ச்சங்கம்'. அதற்கு வேறு சொல்லே வேண்டாம். இத்தாலிய மொழியில் 'பயேசே' என்றால் நாடு என்றும் பொருள், ஊர் என்றும் பொருள். 'பயேசானோ' என்றால் ஊர்க்காரர். நமக்கும் ஊர் அப்படித்தானே, பருத்தித்துறையும் ஊர்தான், இலங்கை முழுதும் ஊர்தான். இங்கே இத்தாலியின் ஃபிரியூலி பகுதிக்காரர்கள் 1932இலேயே தங்களுக்கென்று ஃபமே ஃபுர்லானே சங்கத்தைத் தொடங்கினார்கள். இப்படியான சங்கங்களில் பல, சுகமில்லாதவருக்குப் பணம், செத்தவருக்கு அடக்கச் செலவு என்று கைகொடுக்கவே முதலில் கூடியவை. போச்சே களம் பின்னால் வந்தது. எங்கள் ஆட்கள் ரொறன்ரோவில் நடத்தும் ஊர்ச்சங்கங்களுக்குள் நுழைந்தால் அதே வாசம்தான், மது இருக்கும் இடத்தில் வடை.

நான் போன சங்கத்தில் தோற்ற பக்கம் கோப்பி வாங்கித் தர வேண்டும். நாலு பேர் குனிந்து நின்று அளவுநாடாவைப் பிடித்தபடி சண்டை போடுவார்கள். ஆட்ட நேரத்தில் பாதி அதிலேயே போகும். என்னை அந்த நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்ன நாளில்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது.

ஆட்டத்தின் பெயர் மட்டும் போச்சேயாகவே இருக்கட்டும். நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே டொக்கொலானா சங்கம் நடத்தும் போட்டிக்குப் பெயர் 'போச்சே உலகத் தொடர்'. நாலு தலைமுறை ஆங்கிலம் பேசியும் அந்த ஒரு சொல்லை அவர்கள் விடவில்லை. நாம் ஏன் பறிக்க வேண்டும்?

———

அனைவருக்கும் வணக்கம்.

ரொறன்ரோ நண்பர் சொன்னதில் முக்கால் பங்கு எனக்குச் சம்மதம். ஆனால் 'சங்கத்துக்குள் வந்து குண்டு போட்டார்' என்று கட்டுரையில் எழுதினால் வாசகர் போலீசைக் கூப்பிடுவார். 'குண்டு உருட்டினார்' என்றே எங்கும் எழுத வேண்டும். 'குட்டியை அடித்தார்' என்பதும் ஆட்டுக்குட்டியை நினைவூட்டுகிறது. முதல் இடத்தில் 'குட்டிக்குண்டு' என்று சொல்லிவிட்டு அப்புறம் குட்டி என்று சுருக்கலாம்.

நான் புதுச்சேரிக்காரன். எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பெத்தாங்க் ஆடுகிறவர்கள் இன்றும் உண்டு. இரும்புக் குண்டு, களத்துக்கு மரப்பலகைச் சுவர் கிடையாது. பாதத்தை ஊன்றி நின்று எறிவதால் வந்த பெயர் அது. அதையும் யாரும் தமிழாக்கவில்லை, ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் போச்சே இருக்கட்டும். ஒரு கோரிக்கை: மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் 1984 முதல் இருக்கும் 'போச்சா' வேறு விளையாட்டு, அதில் தோல்பந்து. கட்டுரையில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

'அண்டல்' எனக்குப் பிடிக்கவில்லை. அண்டிப் பிழைப்பது போல ஒலிக்கிறது. 'ஒட்டு' எப்படி?

———

இருவருக்கும் நன்றி.

போச்சே, குட்டிக்குண்டு, தட்டடி, தூக்கடி, ஊர்ச்சங்கம் ஐந்தையும் எடுத்துக்கொண்டேன். 'ஒட்டு'வில் ஒரு சிக்கல்: குண்டு குட்டியைத் தொட்டபடி நின்றால் அவர்கள் அதை முத்தம் என்கிறார்கள், சில சங்கங்களில் அதற்குக் கூடுதல் புள்ளியும் உண்டு. ஒட்டு என்பதை அதற்கு வைத்துக்கொண்டால் புன்டோவுக்கு மறுபடியும் சொல் இல்லை. ரொறன்ரோ அண்ணா, போளை அடிக்கும்போது மெல்ல விட்டுக் கிட்ட நிறுத்துவதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?