பாய்மரப் படகை ட்ரெய்லர்ல வீட்டுக்கு இழுத்துட்டு வந்த கதை, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

என் 23 அடி படகை ஒருவழியா வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துட்டேன். காரணம் ரெண்டு. மெரினால, அதாவது படகு நிறுத்தி வைக்கிற துறைல, வாடகைய படகு நீளத்துக்கு அடிக்கணக்குல வாங்குறாங்க, பாய் விரிச்சாலும் விரிக்காட்டாலும் மாசம் பொறந்தா கட்டணும். அதுபோக டெக்ல, அதாவது படகோட மேல்தளத்துல, முன்பக்கம் ஒரு இடத்துல கால் வச்சா மெத்துமெத்துன்னு அமுங்குது, அங்க படகு ரிப்பேர் பண்ற யார்டு ஆளுங்ககிட்ட குடுத்தா மணிக்கணக்குக்கு பில்லு ஏறும், நானே பாத்துக்குறேன்னா அங்க வெளியாள் கை வைக்கக்கூடாதுன்றாங்க. வீட்டுப் பக்கவாட்டுல இடம் சும்மா கிடக்கு. ஒரு வருஷ வாடகை மிச்சத்துல ரிப்பேர் சாமானே வாங்கிடலாம்னு கணக்கு போட்டேன். அந்தக் கணக்குல ட்ரெய்லர மட்டும் சேர்க்கல.

நாலு வருஷமா புல்லுக்குள்ள நின்ன ட்ரெய்லர் அது. டயர்ல பட்டன் புதுசு மாதிரி அப்படியே இருந்துச்சு, காத்து அடிச்சா நிக்குது, வேற என்ன வேணும்னு நினைச்சேன். படகு இறக்கி ஏத்துற சரிவு, அந்த ராம்ப்ல நின்னுட்டு இருந்த ஒரு பெரியவர், யாருன்னே தெரியாது, கிட்ட வந்து குனிஞ்சு பாத்துட்டு "தம்பி, சைடுல கடைசி நாலு நம்பர் என்னன்னு படி"ன்னார். 2213. அப்படின்னா 2013-ம் வருஷம் 22-வது வாரம் செஞ்ச டயர். ட்ரெய்லர் டயர் தேஞ்சு சாகாதாம், நின்னே செத்துடுமாம், அஞ்சாறு வருஷம் தாண்டினா பட்டன் எவ்வளவு இருந்தாலும் நம்பக்கூடாதுன்னார். விரலால பக்கச் சுவர மடக்கிக் காட்டினார், உள்ள பூரா முடி மாதிரி வெடிப்பு. அன்னிக்கே ரெண்டு டயரையும் மாத்தினேன்.

அதோட விட்டாரா, ஜாக்கி போட்டு சக்கரத்த சும்மா சுத்தச் சொன்னார். லேசா கரகரன்னு சத்தம். "பேரிங்கும் போச்சு, பிரிச்சுப் பாரு"ன்னார். எனக்கோ நேரம் ஆகுது, முன்னாடி நிப்பிள்ல ரெண்டு பம்ப் கிரீஸ் அடிச்சுட்டு சரியாயிடும்னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல, "20 கிலோமீட்டர்ல ஒரு தடவ நிறுத்தி சக்கரத்து நடுவுல பேரிங் இருக்குற ஹப்ப தொட்டுப் பாரு, கை வைக்க முடியலன்னா அங்கேயே நில்லு"ன்னு சொல்லிட்டு போயிட்டார்.

பாய்மரம் இறக்குனது, சுக்கான் கழட்டுனது, மோட்டார தனியா வண்டிக்குள்ள வச்சது இதெல்லாம் பெரிய கதை இல்ல. ஒண்ணே ஒண்ணு, பாய்மரத்தப் பிடிச்சிருக்குற கம்பிய டென்ஷன் பண்ற திருகு எல்லாத்துலயும் எந்த இடத்துல நிக்குதுன்னு டேப் சுத்தி வச்சிட்டு கழட்டுங்க, இல்லன்னா திரும்ப ஏத்தும்போது அரை நாள் அதுலயே போயிடும்.

ராம்ப்ல ஏத்துறதுக்குத்தான் பொறுமை வேணும். ட்ரெய்லர ரொம்ப ஆழத்துல இறக்குனா படகு மிதந்துகிட்டே இருக்கும், மேல இழுக்கும்போது தான் கோணலா உக்காருது, இறக்கலன்னா படக இழுக்குற வின்ச் கைப்பிடி சுத்தி தோள் கழண்டுடும். நான் மூணு தடவ ஏத்தி இறக்குனேன். படகு அடியில நீட்டிட்டு இருக்குற கீல் அதோட பலகைல நேரா உக்காரணும், எடை அங்கதான் நிக்கணும், பக்கத்துல இருக்குற பேட் எல்லாம் படகு சாயாம பிடிச்சுக்க மட்டும்தான். பேட் மேல எடை ஏறுச்சுன்னா ஹல், அதாவது படகோட உடம்பு, உள்வாங்கிடும். இன்னொண்ணு, தண்ணிக்குள்ள பின்னாடி இறக்குறதுக்கு முன்னாடி லைட் பிளக்க புடுங்கிடுங்க, நான் மறந்துட்டேன், ஒரு இண்டிகேட்டர் அங்கேயே காலி.

போற வழியில எடை மேடை இருந்துச்சு, ஏத்திப் பாத்தேன். கேட்லாக்ல படகு 1200 கிலோ, ட்ரெய்லர் 400, ஆக 1600ன்னு மனசுல வச்சிருந்தேன். காட்டுனது 1940. எங்கருந்து வந்துச்சு 340 கிலோ? உள்ள போய் பாத்தா டேங்க்ல தண்ணி 60 லிட்டர், அதுவே 60 கிலோ. ரெண்டு பேட்டரி, சங்கிலியோட நங்கூரம், பழைய பாய் மூணு, டூல்ஸ் பெட்டி, எப்பவோ வாங்கி மறந்துபோன பெயிண்ட் டப்பா. கேட்லாக் எடைங்குறது ஃபேக்டரிலருந்து வெளிய வந்த அன்னிக்கு இருந்த எடை, அதுக்கப்புறம் நாம சேர்த்த குப்பைய யாரு கணக்குல எடுக்குறா. தண்ணிய அங்கேயே திறந்து விட்டேன்.

அப்புறம் தான் கூத்து. முதல் நிறுத்தத்துல ஹப் வெதுவெதுன்னு இருந்துச்சு, பரவால்லன்னு கிளம்பிட்டேன். ரெண்டாவது நிறுத்தம் வர்றதுக்குள்ள கண்ணாடில லேசா புகை. இறங்கி கிட்ட போனா கருகுன வாடை, வலது பக்க ஹப்ல எச்சில் பட்டா சொய்ங்னு சத்தம் வருது. மூடிய கழட்டுனா கிரீஸ் பால் மாதிரி வெளுத்து வழியுது. தண்ணி கலந்த கிரீஸ். ஓடி வந்த சூட்டுல ஹப்ப அப்படியே தண்ணில இறக்குவோம்ல, உள்ள இருக்குற காத்து சட்டுன்னு குளிர்ந்து சுருங்கி சீல் வழியா தண்ணிய உறிஞ்சிடும், உப்புத்தண்ணின்னா அப்புறம் துரு. நான் அடிச்ச ரெண்டு பம்ப் கிரீஸ் பின்னாடி இருக்குற பேரிங்குக்குப் போகவே இல்ல.

ரோட்டோரத்துல படகோட நின்னுட்டு இருக்கேன், ஒரு லாரி டிரைவர் தானா நிறுத்தினார். பேரிங்கோட உள் வளையம் (உள் ரேஸ்) அச்சுல ஒட்டிக்கிச்சு, நான் சுத்தியல வச்சு கண்டபடி தட்டிட்டு இருக்கேன், அவர் உளி எடுத்து ஒரே பக்கம் அடிக்காம சுத்திச் சுத்தி கொஞ்சம் கொஞ்சமா அடிச்சு இருபது நிமிஷத்துல எடுத்துட்டார். அச்சு தேயல, அது என் அதிர்ஷ்டம். பேரிங்ல இருக்குற நம்பர எழுதிட்டுப் போய் செட் வாங்கிட்டு வந்து மாட்டுறதுக்கு சாயங்காலம் ஆயிடுச்சு, அதுவரைக்கும் படகுக்கு காவல் அந்த டிரைவர் தான், சரக்கு லேட்டாகுதுன்னு போன்ல திட்டு வாங்கிட்டே உக்காந்திருந்தார். இப்போ கிரீஸ் அடைச்ச முழு ஹப் ஒண்ண பை போட்டு வண்டில வச்சிருக்கேன். அன்னிக்கு அது இருந்திருந்தா அரை மணி நேர வேலை.

சரி, உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.

பதில் 1

அண்ணே ரோட்டுல நடந்தத சொன்னீங்க, எனக்கு நடந்தது வீட்டு வாசல்ல. கொண்டுவந்து ரெண்டு வாரம் கழிச்சு பாய்மரத்து உச்சில இருக்குற லைட்டு வயர் செக் பண்ணலாம்னு அங்கேயே நிமிர்த்தலாம்னு நினைச்சேன். பாதி தூக்கியாச்சு, எதிர் வீட்டு அக்கா மாடிலருந்து "மேல கரண்டு கம்பிய்யா, மேல கம்பி"ன்னு கத்துறாங்க. நான் பாத்தது எல்லாம் கீழ இருக்குற பின்னையும் கயிறையும் தான், மேல பாக்கவே இல்ல. அலுமினியம் பாய்மரம், எஃகு கம்பி, என் கை ரெண்டும் அதுல. ஒரு எட்டு அடி இருந்திருக்கும் இடைவெளி. மெதுவா இறக்கி வச்சிட்டு கொஞ்ச நேரம் தரையிலயே உக்காந்துட்டேன். இப்போ லைட்ட படுக்க வச்சே தான் பாக்குறேன், அதுக்கு எதுக்கு நிமிர்த்தணும்னு அப்ப தோணவே இல்ல பாருங்க.

பதில் 2

நான் எழுதுறது வால் ஆட்டுற கதை. வீட்டுக்காரர் ஓட்டுறார், நான் பக்கத்துல. மோட்டார கழட்ட சோம்பேறித்தனப்பட்டு பின்னாடியே தொங்க விட்டோம், மிச்ச சாமான் பூரா காக்பிட்ல, அதாவது படகுல பின்னாடி உக்கார்ற இடத்துல. எல்லாமே பின்பாரம், வண்டியோட மாட்டுற கொக்கில அமுத்தமே இல்ல. 80ல போகும்போது ஒரு பஸ் தாண்டிப் போச்சு, அந்தக் காத்துல ட்ரெய்லர் இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பிச்சு வண்டியவே இழுக்குது. அவர் பிரேக்ல கால் வைக்கப் போனார், நான் வேணாம்னு கத்தினேன், எங்கப்பா லோடு வண்டி ஓட்டினவர், அவர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஸ்டீயரிங்க நேரா பிடிச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர மட்டும் விட்டோம், தானா அடங்குச்சு. அப்புறம் நிறுத்தி மோட்டார், பேட்டரி எல்லாத்தையும் முன்னாடி மாத்தினோம். மொத்த எடைல 10 சதவீதம் பக்கம் கொக்கில நிக்கணும்னு சொல்றாங்க, நாட்டுக்கு நாடு கணக்கு மாறும், உங்க வண்டி புக்ல போட்டிருக்குற லிமிட்ட தாண்டாதீங்க. இன்னொண்ணு, படகக் கட்டுற ரேட்செட் பெல்ட்ட தட்டையா இழுத்துக் கட்டுனா காத்துல ங்கொய்ன்னு பாடிக்கிட்டே வரும், ஒரு முறுக்கு முறுக்கி கட்டுங்க, தலைவலி மிச்சம்.

பதில் 3

எல்லாரும் தானே இழுக்கணும்னு என்ன இருக்கு? எனக்கு 27 அடி, அசையாத ஆழக் கீல். ராம்ப்ல மிதக்க விட்டு ஏத்துற சமாச்சாரமே கிடையாது, கிரேன் வேணும். ஹைட்ராலிக் பேட் வச்ச ட்ரெய்லர் ஆளக் கூப்பிட்டேன், வந்தார், தூக்கினார், வீட்ல இறக்கி வச்சிட்டுப் போயிட்டார். உங்க டயர், பேரிங், லைட்டு, அலைஞ்ச பெட்ரோல் எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா பெரிய வித்தியாசம் வராதுன்னு தான் நினைக்குறேன். வருஷத்துக்கு ரெண்டு தடவ இழுக்குறவங்களுக்கு சொந்த ட்ரெய்லர், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவன்னா வாடகை ஆள், என் கணக்கு அவ்ளோதான்.

ஆனா வீட்ல ஸ்டாண்டு மேல நிக்கவைக்கும்போது ஒரு தப்பு பண்ணிட்டேன். தார்ப்பாய் கயிற ஸ்டாண்டு காலுலயே கட்டிட்டேன். ராத்திரி காத்து அடிச்சு தார்ப்பாய் பாய் மாதிரி உப்பி, காலைல பாத்தா ஒரு ஸ்டாண்டு நாலு விரக்கடை வெளிய வந்து நிக்குது. எதிரெதிர் ஸ்டாண்ட கீலுக்குக் கீழ சங்கிலி போட்டு ஒண்ணோட ஒண்ணு பிணைச்சிருந்ததால தான் படகு நின்னுச்சு. தார்ப்பாய அடியில சுத்தி எதிர்ப்பக்கம் கட்டுங்க, இல்ல தண்ணிக் கேன் தொங்க விடுங்க, ஸ்டாண்ட மட்டும் தொடாதீங்க.

எழுதினவர்

அய்யய்யோ, நானும் தார்ப்பாய ட்ரெய்லர்ல தானே கட்டிருக்கேன்னு ஓடிப்போய் பாத்தேன், ட்ரெய்லர்னா பரவால்ல. ஆனா கயிறு உரசி படகோட மேல்பூச்சு, அந்த ஜெல்கோட், ஒரு இடத்துல மங்கிடுச்சு, பழைய துணி வச்சிருக்கேன்.

வாடகை ஆள் பத்தி சொன்னது சரிதான் சார், நான் மறுக்கல. என் படகுக்கு கீல் மேல மடங்கும், அதனால ராம்ப் போதும், அதுதான் வித்தியாசம்.

டெக் நிலவரம் கேட்டு ஒருத்தர் தனியா எழுதியிருந்தார், இங்கயே சொல்லிடுறேன். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால டெக்க தட்டிக்கிட்டே போங்க, நல்ல இடம் கணீர்னு கேக்கும், ஊறின இடம் பொத்துபொத்துன்னு கேக்கும். சாக்பீஸ்ல கோடு போட்டேன். ஒரு அடின்னு நினைச்சது நாலு அடி. மேல் ஃபைபர வெட்டித் தூக்குனா உள்ள இருந்த பால்சா மரம் ஈரத்துணி மாதிரி கையோட வருது. எல்லாத்துக்கும் காரணம் கைப்பிடிக் கம்பி போல்ட்டு ஒண்ணு, அதோட சீல் என்னிக்கோ போயிருக்கு. புது போல்ட் ஓட்டைய பெருசா துளைச்சு எபாக்ஸி பிசின் ரொப்பி அதுக்கு நடுவுல திரும்ப துளைச்சேன், இனி தண்ணி வந்தாலும் மரத்தத் தொடாது. மெரினால நின்னிருந்தா இத இன்னும் ரெண்டு வருஷத்துக்கு காலால மிதிச்சுட்டே போயிருப்பேன். மூக்குப் பக்கம் தூக்கி நிறுத்தி அடிப்பிளக்க கழட்டி வச்சிருக்கேன், மழைத் தண்ணி தேங்கல.

டெக் வேலை முடிஞ்சா இறக்கிடலாம்னு தான் இருந்தேன், நேத்து ட்ரெய்லர் பிரேக் டிரம்ம கழட்டிட்டேன். ஷூ ரெண்டும் துருல ஒட்டிப்போய் அசையவே மாட்டேங்குது. அந்தப் பெரியவர் இருந்திருந்தா இதையும் அன்னிக்கே சொல்லியிருப்பார்.