குடும்பக் குழு: வெறுப்புப் பேச்சும் சட்டமும்

பெரியப்பா: வெறுப்புப் பேச்சை முளையிலேயே கிள்ளி எறியச் சட்டம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 1994இல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் துட்சி இன மக்கள் படுகொலை செய்யப்பட்டபோது, ஒரு தனியார் வானொலி அவர்களைக் கரப்பான்பூச்சிகள் என்று இழித்துரைத்ததோடு நில்லாமல், கொல்லத் தேடப்பட்டவர்களின் பெயர்களையும் இருப்பிடங்களையும் ஒலிபரப்பியது. அதையும் கருத்துரிமை என்பதா?

கயல்: இல்லை, பெரியப்பா. அதற்குப் பொறுப்பானவர்களைப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003இல் தண்டித்தது முற்றிலும் சரி. ஆனால் கொலைக்குத் தூண்டுவதையும் மனம் புண்படப் பேசுவதையும் சட்டம் ஒரே தட்டில் வைப்பதுதான் என்னை அஞ்ச வைக்கிறது. 2012இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு தலைவரின் மறைவையொட்டி நடந்த கடையடைப்பைக் கேள்வி கேட்டு ஓர் இளம்பெண் முகநூலில் எழுதினார். தோழி அதற்கு லைக் போட்டார். இருவரையும் கைது செய்தார்கள். பகைமையைத் தூண்டுவதற்கு எதிரான பிரிவும் அவர்கள் மீது பாய்ந்தது.

செல்வி அத்தை: அந்த வழக்கு பிறகு கைவிடப்பட்டதே, கயல்?

கயல்: ஆம், அத்தை. அவர்கள் மீது போடப்பட்ட மற்றொரு பிரிவான, இணையப் பதிவுகளைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ-வையே உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தது. விவாதிப்பதும் ஒரு கருத்தை வலியுறுத்துவதும் உரிமை, தூண்டும் நிலையை எட்டும் பேச்சையே கட்டுப்படுத்தலாம் என்று அத்தீர்ப்பு கோடு கிழித்தது.

பெரியப்பா: அந்தக் கோடு மிகவும் பிந்தி வருகிறது, அம்மா. பூச்சிகள் என்று மாதக்கணக்கில் கேட்டுப் பழகிய செவிக்குத்தான் கொல் என்ற சொல் கட்டளையாகக் கேட்கும்.

கயல்: உண்மைதான். அதனால்தான் 2012இல் ஐ.நா. முயற்சியில் உருவான ரபாத் செயல்திட்டம், சொல்லை மட்டும் பார்க்காமல் சூழல், பேசுபவரின் செல்வாக்கு, நோக்கம், பரவல், தீங்கு நேரும் வாய்ப்பு ஆகியவற்றையும் எடைபோடச் சொல்கிறது. இலட்சம் பேர் பின்தொடரும் தலைவர் மேடையில் முழங்குவதும் ஒரு மாணவி இணையத்தில் எழுதுவதும் ஒன்றாகிவிடாது.

செல்வி அத்தை: நம் நாட்டில் இத்தகைய வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறார்களே, அது போதாதா?

கயல்: கைதுக்கு அந்த அனுமதி தேவையில்லை, அத்தை. எளியவர்களுக்குச் சிறையும் ஜாமீனுக்கான அலைச்சலுமே தண்டனையாகிவிடுகின்றன. அந்த எடைபோடுதல் கைதுக்கு முன்பே நடக்க வேண்டும்.

பெரியப்பா: அதை ஏற்கிறேன். ஆனால் வெறுப்பைப் பேசியவர் ஆளுங்கட்சிக்காரராக இருந்தால், அனுமதி தர வேண்டியது அவருடைய அரசேதான். அந்த அதிகாரத்தை அரசிடமிருந்து எடுத்து நீதிமன்றத்திடமே கொடுத்துவிட வேண்டும்.