தண்ணீர் திரும்பி ஓடிய கதைகள்: நான்-ரிட்டர்ன் வால்வு பராமரிப்பு, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் வீட்டுக்காரர்

தை பிறந்தால் கல்யாணங்கள். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்து ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, வயரிங் பார்த்து, ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறோம். தெருவிலிருந்து தண்ணீர் வரும் லைனில் பித்தளையில் ஒன்று மாட்டியிருக்குமே, நான்-ரிட்டர்ன் வால்வு, அதை யாராவது கழற்றிப் பார்த்ததுண்டா? நம் வீட்டுத் தண்ணீர் தெரு லைனுக்குத் திரும்பிப் போகாமல் இருக்கத்தான் அது. மாட்டியவர் யார், எந்த வருடம் என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் எதிர்த்திசையில் ஓடி வம்பு வந்த அனுபவம் இருப்பவர்கள் எழுதுங்கள். வால்வைப் பராமரிக்கிறவர்கள் எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

காரைக்குடி பிளம்பர்

அண்ணே, நல்ல நேரத்துல கேட்டீங்க. தேவகோட்டைப் பக்கம் ஒரு தெருவுல நடந்ததைச் சொல்றேன்.

தெருக் கடைசி வீட்டு ஆச்சி கூப்பிட்டு அனுப்பினாங்க. டவுன் தண்ணி உப்புக் கரிக்குது, காப்பி வாயில வைக்க முடியலைன்னு ஒரே புலம்பல். எப்பவும் கரிக்குதா ஆச்சின்னு கேட்டேன். இல்லப்பா, தண்ணி விட்டதும் வர்ற முதல் சில குடம்தான் அப்படி, அப்புறம் நல்லாத்தான் வருதுன்னாங்க. அதைக் கேட்டதுமே கோளாறு அவங்க வீட்டுல இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. லைன்ல ஏற்கெனவே வேற தண்ணி வந்து நிக்குது.

ரெண்டு வீடு தள்ளி ஒரு பெரிய வீடு. விசேஷத்துக்காகத் திறந்து, நாலு நாளா போர் மோட்டார் விடாம ஓடுது. உள்ளே போய்ப் பார்த்தா போர் லைனும் டவுன் லைனும் ஒரே டீயில, அதான் T மாதிரி இருக்குற இணைப்புல, சேருது. ரெண்டுக்கும் நடுவுல காவலுக்கு ஒரே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. மோட்டார் தள்ளுற பிரஷர் தெரு லைனை விட எப்பவுமே அதிகம். தெருவுல தண்ணி விடாத நேரம்னா எதிர்க்க ஆளே கிடையாது. வால்வு கொஞ்சம் விட்டாலும் போர் தண்ணி தெருவுக்குப் போய்த் தேங்கி நிக்கும். மறுபடி தண்ணி விடும்போது முதல்ல அதுதான் அடுத்த வீட்டுக் குடத்துல விழும்.

வால்வு ஸ்விங் டைப். மேல் மூடியைக் கழட்டினா உள்ளே கதவு மாதிரி ஆடுற நாக்கு பாதி திறந்தபடியே நிக்குது. நாக்கு தொங்குற ஊசி முழுக்க வெள்ளையா உப்புப் படிவு. விரலால தள்ளினா கரகரன்னு நகருது, விட்டா தானா விழமாட்டேங்குது. நாக்கு வந்து உட்காருற வளையத்துல டெஃப்லான் டேப் நூல் ஒண்ணு சுருண்டு கிடக்குது, அதைச் சுத்தி மணல். ரப்பரை நகத்தால அழுத்திப் பார்த்தேன், தடம்கூட விழலை. வருஷம் பூரா தண்ணியில்லாம காஞ்சு கிடந்தா ரப்பர் அப்படித்தான் ஆகும். தினம் தண்ணி ஓடுற வீட்டு வால்வை விட, பூட்டிக் கிடக்குற வீட்டு வால்வுதான் சீக்கிரம் கெடுது. இது என் அனுபவத்துல கண்டது.

வினிகர்ல ஊறப்போட்டுப் படிவை எடுத்து, வளையத்தைத் துணியால துடைச்சு, ரப்பரை மாத்தினேன். உப்புத்தாளை எடுத்து வளையத்தைத் தேய்க்கிற ஆளுங்க இருக்காங்க. தேய்ச்சா கோடு விழும், அப்புறம் எந்த ரப்பர் போட்டாலும் ஒழுகும். ஆனா அந்த வீட்டுல உண்மையான வைத்தியம் வேற. லைனையே பிரிச்சுவிட்டேன். டவுன் தண்ணி சம்புக்கு மட்டும், போர் தண்ணி தனியா பின்கட்டு டேங்குக்கு. ரெண்டும் எங்கேயும் சந்திக்கக் கூடாது. வால்வை நம்பி ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்குற வேலைக்கு இப்ப நான் போறதில்லை.

வால்வு நல்லா இருக்கான்னு கழட்டாமலே பார்க்க வழி இருக்கு. தெருப் பக்கம் ஒரு கேட் வால்வு, அதுக்கும் நான்-ரிட்டர்னுக்கும் நடுவுல ஒரு அரை இஞ்ச் தண்ணி டேப் வெச்சுடுங்க. வீட்டுப் பக்கம் லைன்ல தண்ணி நிறைஞ்சு அழுத்தத்தோட நிக்கும்போது கேட் வால்வை மூடி, அந்த டேப்பைத் திறங்க. குழாய்ல மிச்சம் நிக்கிற தண்ணி கொஞ்சம் வரும், அதோட நிக்கணும். நிக்காம வந்துக்கிட்டே இருந்தா அது உங்க வீட்டுத் தண்ணி, வால்வு தாண்டித் திரும்பி வருது. இந்த டேப் இல்லாத வீட்டுல வால்வு வேலை செய்யுதான்னு சொல்ல ஜோசியரைத்தான் கேட்கணும்.

பள்ளத்தூர், ஹோட்டல் பராமரிப்பு

எங்களுடையது ஹோட்டலாக மாற்றிய பழைய வீடு. இரண்டாம் கட்டை அறைகளாகப் பிரித்துக் குளியலறை கட்டியிருக்கிறோம். ஒரு விருந்தினர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வருகிறது என்றார். மாடித் தொட்டி வெயிலில் காய்கிறது சார், அப்படித்தான் இருக்கும் என்று பையன்கள் சமாதானம் சொல்லிவிட்டார்கள். விடியற்காலையிலும் சூடாக வந்ததும் அந்தச் சமாதானம் செல்லவில்லை.

சோலார் ஹீட்டருக்குள் பச்சைத் தண்ணீர் போகும் குழாயில் நான்-ரிட்டர்ன் இருக்கிறது. அது விட்டால் வெந்நீர் பின்னோக்கி வரும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கையே போதும். ஹீட்டர் பக்கம் குழாய் சுட்டு, வால்வுக்கு இந்தப் பக்கம் குளிர்ந்திருந்தால் வால்வு சரி. எங்களுடையது சரியாகத்தான் இருந்தது. அப்புறம் அறை அறையாகப் போய்த் தேடியதில், காலியாக இருந்த ஓர் அறையில் ஷவர் மிக்சரின் இரண்டு குமிழும் திறந்திருந்தன. கையில் பிடிக்கும் ஷவரின் விசையை மட்டும் யாரோ மூடி வைத்திருக்கிறார்கள். வெளியே சொட்டுத் தண்ணீர் இல்லை, உள்ளே வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் மிக்சருக்குள் கைகோத்து நிற்கின்றன. பக்கத்து அறையில் பச்சைத் தண்ணீரைத் திறந்தால் அந்த லைனில் அழுத்தம் குறைகிறது, வெந்நீர் குறுக்கே பாய்கிறது. இப்போது ஒவ்வொரு மிக்சருக்கும் கீழே இரண்டு சின்ன ஸ்பிரிங் வால்வு போட்டுவிட்டோம். சீசனுக்கு முன்னால், புரட்டாசியில், எல்லாவற்றையும் கழற்றி உப்பு தட்டுகிறோம்.

இன்னொன்று. கீசருக்கு முன்னால் நான்-ரிட்டர்ன் இருந்தால் சூடாகி விரியும் தண்ணீர் பின்னால் போக வழியில்லை. அதற்காகத்தான் பக்கத்தில் சேஃப்டி வால்வு. அது சொட்டுகிறது என்று அடைப்பு போட்டு மூடுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யாதீர்கள், கீசரே வெடிக்கும்.

கண்டனூர்க்காரர், இப்போது அமெரிக்காவில்

இங்கே ஒரு குடியிருப்பு வளாகத்தில் பராமரிப்பு வேலை. தோட்டத்துக்குப் போகும் லைனில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கப் பெரிய கருவி ஒன்று உண்டு: உள்ளே 2 செக் வால்வு (நம் நான்-ரிட்டர்ன்தான்), நடுவில் ஓர் அறை, அந்த அறைக்கு அடியில் ஒரு ரிலீஃப் வால்வு. அறையின் அழுத்தம் எப்போதும் உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசம் 2 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கும் முன்பே ரிலீஃப் வால்வு திறந்து, தண்ணீரைத் தரையில் கொட்டிவிட வேண்டும். லைனுக்குள் அழுக்கு போவதற்குப் பதில் வெளியே கொட்டட்டும் என்பதுதான் ஏற்பாடு. வருடத்துக்கு ஒருமுறை சான்று பெற்ற ஆள் மீட்டரை மாட்டி, இரண்டு செக் வால்வும் பிடிக்கிறதா, ரிலீஃப் எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று குறித்துத் தண்ணீர்த் துறைக்கு அனுப்ப வேண்டும்.

குடியிருப்பவர்கள் இது ஒழுகுகிறது என்று புகார் செய்துகொண்டே இருப்பார்கள். யாரும் தண்ணீர் பயன்படுத்தாத நேரத்தில் நிற்காமல் ஒழுகினால் பெரும்பாலும் முதல் செக் வால்வில் ஏதோ சிக்கியிருக்கிறது. ஒருமுறை கழற்றியபோது ரப்பர் தட்டில் ஒரே ஒரு மணல் பருக்கை பதிந்திருந்தது. தட்டைத் திருப்பிப் போட்டதும் நின்றுவிட்டது. அடுத்த சோதனைக்குள் ரப்பர் கிட் வாங்கி மாற்றினோம்.

இந்தக் கருவியைக் குழிக்குள் வைக்கக் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. குழியில் தண்ணீர் நிறைந்தால் ரிலீஃப் வாய் மூழ்கிவிடும், காப்பாற்ற வந்ததே அழுக்கை உள்ளே விட்டுவிடும். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. அழுத்தம் போதவில்லை என்று வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, அடியில் குழாய் வைத்துத் தண்ணீர் பிடிக்கிறோமே, அது.

1969-இல் மாசச்சூசெட்ஸில் ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நேர்ந்ததும் ஒரு குழியால்தான். மைதானத்தில் தரைக்குள் பதித்த குழாய்க் குழிகளில் தேங்கிய தண்ணீர் அசுத்தமாகியிருந்தது. பக்கத்தில் மஞ்சள் காமாலை வந்த குழந்தைகள் விளையாடிய இடம். ஊருக்குள் ஒரு தீ விபத்து, தீயணைப்பு வண்டிகள் தண்ணீரை இழுக்க, லைனில் அழுத்தம் சரிந்து குழித் தண்ணீர் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டது. பயிற்சியின்போது பையன்கள் அதைக் குடித்தார்கள். 97 பேரில் 90 பேருக்குத் தொற்று. இரண்டு ஆட்டத்தோடு அந்த வருடப் பருவமே ரத்து. அங்கே அழுத்தம் சரிய ஒரு தீ விபத்து தேவைப்பட்டது. நம் தெருவில் தண்ணீரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் லைன் காலியாகிறது. பற்றாததற்கு நாலு வீட்டில் லைனிலேயே நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள்.

கோனாபட்டு மருமகள்

எங்க வீட்டுல பின்பக்கம் தோட்டம். தென்னைக்கு மருந்து கலக்க டிரம்முல ஹோஸ் குழாயைப் போட்டுட்டு வேற வேலை பார்க்கப் போயிடுவார் தோட்டக்காரர். இதைப் படிச்சதும் பக்குன்னுச்சு. அந்த டேப் வர்றது சமையலறைக்குப் போற அதே லைன். இதுக்கு என்ன மாட்டணும்?

அப்புறம் ஒண்ணு. அப்பத்தா காலத்துல மழைத்தண்ணியை முற்றத்துத் தகரக் குழாயிலேருந்து அண்டாவுல பிடிப்பாங்க. தண்ணி மேலேருந்து விழும், குழாய் வாய் தண்ணியைத் தொடவே தொடாது. அண்டாத் தண்ணி திரும்ப ஏறணும்னா பறந்துதான் ஏறணும்!

காரைக்குடி பிளம்பர்

ஆச்சி, நீங்க சொன்ன அண்டாதான் இருக்குறதுலயே நல்ல பாதுகாப்பு. ரப்பர் இல்லை, ஸ்பிரிங் இல்லை, கெட்டுப்போக ஒண்ணுமே இல்லை. குழாய் வாய்க்கும் தொட்டி நிறைஞ்சு வழியுற மட்டத்துக்கும் நடுவுல குழாய் அகலத்தைப் போல ரெண்டு பங்கு இடைவெளி வேணும். அரை இஞ்ச் குழாயா இருந்தாலும் ஒரு இஞ்சுக்குக் குறையக் கூடாது. கொட்டுற சத்தம் கேட்குதுன்னு சம்புக்குள்ள குழாயை அடிவரைக்கும் நீட்டி விடுறாங்க பாருங்க, அங்கேதான் எல்லாம் கெடுது. தெருவுல தண்ணி நின்னதும் சம்புத் தண்ணி சைஃபன் பிடிச்சு, அதாவது தானா உறிஞ்சப்பட்டு, திரும்பிப் போகும். சம்பு மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, குழாய் முனை தண்ணிக்குள்ள இருந்தா மேலே வெட்டிவிடச் சொல்லுங்க.

உங்க மருந்து டிரம்முக்கு முதல் வேலை, ஹோஸை உள்ளே போடாம டிரம் விளிம்புக்கு மேலே ஒரு கம்பியில கட்டித் தொங்கவிடுங்க, முனை விளிம்பைத் தாண்டி இறங்கக் கூடாது. ரெண்டாவது, ஹோஸ் மாட்டுற டேப்புல திருகுற வேக்குவம் பிரேக்கர் கிடைக்குது. உறிஞ்சல் வந்தா அது காத்தை உள்ளே விட்டு சைஃபனை உடைச்சுடும். எல்லாக் கடையிலயும் இருக்காது, சொல்லி வெச்சா வரவழைச்சுத் தருவாங்க. அதை மாட்டிட்டு ஹோஸ் முனையில தண்ணி பீய்ச்சுற துப்பாக்கி போட்டு மூடி, டேப்பை நாள் முழுக்கத் திறந்தே வைக்காதீங்க. எந்நேரமும் அழுத்தத்துல நிக்கிறதுக்குச் செஞ்சது இல்லை அது. பாத்ரூம்ல டாய்லெட் பக்கத்துல தொங்குற ஃபாசெட்டையும் வாளிக்குள்ள போட்டு வைக்காதீங்க, அதுவும் இதே கதைதான்.

கானாடுகாத்தான் அண்ணே, உங்க வீட்டு வால்வைக் கழட்டும்போது உடம்புல இருக்குற அம்புக்குறியை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. தண்ணி போற திசையில அம்பு இருக்கணும். ஸ்விங் டைப்பைப் படுக்கையாவோ, தண்ணி கீழேருந்து மேலே ஏறுற குழாயிலயோதான் மாட்டணும். மேலேருந்து இறங்குற குழாயில மாட்டினா நாக்கு எப்பவும் தொங்கிக்கிட்டேதான் இருக்கும். மாட்டி முடிச்சதும் முற்றத்து டேப்பைத் திறந்து, கலங்கல் போற வரைக்கும் விடுங்க. அப்புறம்தான் சமையல்காரர்கிட்ட லைனைக் கொடுக்கணும். பழைய வால்வைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பித்தளைக்கு நல்ல விலை இருக்கு.